பத்தே வயதில் பிரிக்கப்பட்ட விமானங்கள்: கார்பன் ஃபைபரை மறுசுழற்சி செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்?

2023-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 787 ட்ரீம்லைனர் விமானங்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. விபத்தில் சிக்கியவை அல்ல. பறக்கத் தொடங்கி பத்து வருடம்தான் ஆகியிருந்தது. முழு விமானமாக வைத்திருப்பதைவிட என்ஜின், லேண்டிங் கியர், மின்னணுக் கருவிகள் என உதிரிபாகங்களாக விற்றால் லாபம் என்ற கணக்குதான் காரணம். 787 ரகத்தில் இப்படிப் பிரிக்கப்பட்ட முதல் விமானங்கள் இவைதான்.

உதிரிபாகங்களை வாங்க ஆள் உண்டு. மிச்சமிருக்கும் உடலையும் இறக்கையையும் என்ன செய்வது?

பழைய காலத்து விமானம் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. உடல் முழுக்க அலுமினியம். வெட்டி, உருக்கி, திரும்ப அலுமினியமாகவே விற்றுவிடலாம். வீட்டுப் பழைய அலுமினியப் பாத்திரத்தை எடைக்குப் போடுகிற அதே கதைதான், அளவு மட்டும் பெரிது. ஆனால் 787-ன் எடையில் பாதி உலோகமே கிடையாது. கார்பன் ஃபைபர் கலவைப் பொருள்தான் அது. ஒரு விமானத்தில் கார்பன் இழை மட்டும் சுமார் 23 டன் இருக்கிறது. ஏர்பஸ் ஏ350-ல் கலவைப் பொருளின் பங்கு 53 சதவீதம். இதை உருக்க முடியாது.

அது என்ன கார்பன் ஃபைபர்?

சுவெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் தெரியுமல்லவா? கார்பன் இழைக்கு மூலப்பொருள் அதன் நெருங்கிய சொந்தக்காரன்தான். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற அந்த நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மெல்ல வாட்டுவார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். மற்ற அணுக்கள் எல்லாம் வாயுவாக வெளியேறிவிடும். கடைசியில் மிஞ்சுவது, தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன் கொண்ட, கிட்டத்தட்ட சுத்தமான கார்பன் இழை. 1960-களில் ஜப்பானிலும் பிரிட்டனிலும் இந்த முறை உருவானது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1971-ல் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. 787 விமானத்துக்கு கார்பன் இழை தருவதும் அதே டோரேதான்.

எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட வலு அதிகம், துருப்பிடிக்காது. அதனால்தான் விமானம், பந்தயக் கார், விலை உயர்ந்த சைக்கிள், டென்னிஸ் மட்டை, காற்றாலை இறக்கையின் முதுகெலும்பு என எல்லா இடத்திலும் இருக்கிறது. இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்தின் வெளிப்பரப்பில் பெரும்பகுதியும் இதுதான்.

ஆனால் வெறும் இழையை வைத்து இறக்கை செய்ய முடியாது, அது துணி மாதிரி தொய்ந்துவிடும். இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு பசை வேண்டும். அந்தப் பசை பெரும்பாலும் எபாக்சி ரெசின். கம்பி இழை என்றால் கான்கிரீட் ரெசின் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெல்லமும் இட்லியும்

சிக்கல் முழுக்க இந்தப் பசையில்தான் இருக்கிறது.

பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வெல்லம் மாதிரி: சூடாக்கினால் பாகாகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி பாகாகும். பிளாஸ்டிக் குடம், பெட் பாட்டில் எல்லாம் இந்த வகை. இன்னொன்று இட்லி மாதிரி. மாவாக இருக்கும்வரை எந்தத் தட்டில் வேண்டுமானாலும் ஊற்றலாம். ஒருமுறை வெந்துவிட்டால் அவ்வளவுதான். எவ்வளவு சூடாக்கினாலும் அது திரும்ப மாவாகாது. கருகும், உருகாது.

எபாக்சி இரண்டாவது ஜாதி. ரெசினையும் அதை இறுக்கும் வேதிப்பொருளையும் கலந்து சூடாக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகக் கைகோத்து ஒரே வலையாகிவிடுகின்றன. அந்த வலைதான் விமானத்துக்கு வலு. வெயில், மழை, எரிபொருள், எண்ணெய் எதுவும் அதை அசைக்கக் கூடாது என்றுதான் வடிவமைத்தார்கள். எதிலும் கரையாத பொருளைக் கேட்டார்கள், கிடைத்தது. இப்போது அதைக் கரைக்க வழி தேடுகிறார்கள்.

இட்லி மாவு உவமை இன்னொரு விஷயத்துக்கும் பொருந்தும். விமானத் தொழிற்சாலைகளில் ரெசின் தடவிய கார்பன் துணியை மைனஸ் 18 டிகிரியில் ஃப்ரீசரில்தான் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் மாவு புளிப்பது போல ரெசின் தானாகவே மெல்ல இறுகத் தொடங்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. இப்படிக் காலாவதியாகும் சுருள்களையும், துணியை வடிவத்துக்கு வெட்டும்போது விழும் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், வாங்கும் கார்பன் இழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விமானத்தில் ஏறாமலேயே கழிவாகிறது என்று இத்துறையில் மதிப்பிடுகிறார்கள். ஆக, விமானங்கள் ஓய்வுபெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, கழிவு இன்றைக்கே குவிந்துகொண்டிருக்கிறது.

புதைத்தால் என்ன? எரித்தால் என்ன?

இதுவரை பெரும்பாலும் நடந்தது அதுதான். மண்ணில் புதைத்தால் மக்காது. ஆனால் விஷம் கக்குகிற பொருளும் அல்ல. சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஜெர்மனி 2005 முதலே இதுபோன்ற கழிவுகளை நேரடியாக நிலத்தில் கொட்டுவதை நிறுத்திவிட்டது. காற்றாலை இறக்கைகளைப் புதைக்க 2025 முதல் ஐரோப்பா முழுக்கத் தடை வேண்டும் என்று 2021-ல் கேட்டது சுற்றுச்சூழல் அமைப்பு அல்ல, ஐரோப்பியக் காற்றாலைத் தொழில்துறையின் சங்கமேதான்.

எரிப்பதிலும் வில்லங்கம் உண்டு. கார்பன் இழை முழுதாக எரியாது. பாதி எரிந்த மெல்லிய இழைகள் புகையோடு பறக்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், புகைபோக்கியில் தூசியைப் பிடிக்க வைத்திருக்கும் மின்வடிகட்டிகளில் அந்த இழைகள் ஷார்ட் சர்க்கியூட் ஏற்படுத்திவிடும்.

இரண்டையும்விடப் பெரிய நஷ்டம் வேறு. ஒரு கிலோ புது கார்பன் இழை தயாரிக்க, சுமார் 50 முதல் 80 யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றல் செலவாகிறது என்கின்றன ஆய்வுகள். ஒரு சின்னக் குடும்பத்தின் பல நாள் மின்சாரம் அது. அவ்வளவையும் கொட்டிச் செய்த பொருளைப் புதைப்பது, அந்த மின்சாரத்தையே புதைப்பதற்குச் சமம்.

கரிமூட்டம் போடும் முறை

இன்று தொழில் அளவில் நடைமுறையில் இருக்கும் முக்கியமான வழி, பைராலிசிஸ். பெயர்தான் பெரிது, தத்துவம் நமக்குத் தெரிந்ததுதான். தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அடுக்கி மண் பூசி, காற்றுப் புகாமல் கரிமூட்டம் போடுவார்களே, அதே தத்துவம். கழிவுத் துண்டுகளை ஆக்சிஜன் இல்லாத உலையில் 450 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் ரெசின் சிதைந்து வாயுவாகவும் எண்ணெயாகவும் வெளியேறிவிடும். கார்பன் இழைக்கு அந்த வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. அது பிறந்ததே ஆயிரம் டிகிரியில்.

புது இழைக்கு ஆகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவு செலவழித்தாலே போதும். இழையின் விறைப்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், வலு கொஞ்சம் குறையும். பிரிட்டனின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் இ.எல்.ஜி கார்பன் ஃபைபர் நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. தன் தொழிற்சாலைகளில் விழும் கார்பன் துண்டுகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்ப 2018 இறுதியில் போயிங் ஒப்பந்தம் போட்டது.

அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம்.

உலைக்குள் போனது கிலோமீட்டர் கணக்கில் நீளமான, படிய வாரிய கூந்தல் மாதிரி ஒரே திசையில் அடுக்கிய இழை. வெளியே வருவதோ, வெட்டுப்பட்ட, சிக்குப்பிடித்த கறுப்புப் பஞ்சு. புது இழையின் மேல் ரெசின் நன்றாக ஒட்டுவதற்காகப் பூசியிருந்த மெல்லிய பூச்சும் வெப்பத்தில் போய்விடும். இழையின் மேல் கரி படிந்திருந்தால் அதைக் காற்றுவிட்டு எரித்து நீக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக எரித்துவிட்டால் இழையிலேயே பள்ளம் விழும். உலைக்காரருக்குக் கண்ணும் கையும் அளந்து வேலை செய்ய வேண்டிய இடம் இது.

கலவைப் பொருளின் வலு, இழை எவ்வளவு நீளம், எந்தத் திசையில் கிடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. தாறுமாறாகக் கிடக்கும் குட்டை இழையை வைத்து இறக்கை செய்ய முடியாது. எனவே அந்தப் பஞ்சைப் பிளாஸ்டிக்கில் கலந்தோ, நூற்பாலைகளில் இருப்பது போன்ற கார்டிங் இயந்திரத்தில் கொடுத்து விரிப்பாக்கியோ, அவ்வளவு பளு தாங்காத பொருட்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். 787 விமானத்தின் இறக்கைத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவிலிருந்து டோரே மீட்டெடுத்த கார்பன் இழை, லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் லேப்டாப்பின் 12-வது தலைமுறையில் இடம்பெற்றது. நல்ல செய்திதான். ஆனால் இறக்கையாக இருக்க வேண்டியது லேப்டாப் ஆகியிருக்கிறது. லேப்டாப்புக்குப் பிறகு அது என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

சிக்கெடுக்க முடியுமா?

முடியும் என்கிறது பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம். அங்கே உருவான ஹைபெர்டிஃப் என்ற முறையில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டை இழைகளைத் தண்ணீரில் கலந்து, நெருக்கமாக நிற்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே பீய்ச்சி அடிக்கிறார்கள். மோதும் வேகத்தில் இழைகள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடுகின்றன. வாய்க்காலில் குறுகலான மடைக்குள் நுழையும்போது வைக்கோல் எல்லாம் நேராகத் திரும்புமே, அது மாதிரி. இப்படி வரிசைப்படுத்திய குட்டை இழையால் செய்த பட்டை, விறைப்பில் நீள இழைக்கு நெருக்கமாக வருகிறது. இப்போதைய சவால் வேகம்: விமானத் தொழிற்சாலை கேட்கும் அளவுக்குப் பட்டையை உருட்டித்தள்ள முடிய வேண்டும்.

பிரான்ஸின் ஃபேர்மேட் நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. இழையையும் ரெசினையும் பிரிக்கவே வேண்டாம், கழிவை மெல்லிய சில்லுகளாக வெட்டி, அந்தச் சில்லுகளையே அடுக்கி ஒட்டி புதுப் பலகை செய்வோம் என்கிறது. உலையும் இல்லை, அமிலமும் இல்லை.

கரைத்துப் பிரிக்கும் வேதியியல்

அடுத்த வழி, ரெசின் வலையின் முடிச்சுகளை வேதியியல் முறையில் அவிழ்ப்பது. இழைக்கு அடி படாது, ரெசினின் மூலப்பொருளும் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் இதன் கவர்ச்சி.

2023-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. ருத்தீனியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து, 160 டிகிரி வெப்பத்தில், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் எபாக்சியையே உடைத்துக் காட்டினார்கள். இழை சுத்தமாக வந்தது. எபாக்சிக்கு அடிப்படையான பிஸ்ஃபீனால் ஏ-வும் கிடைத்தது. ஆனால் ருத்தீனியம் அரிதான, விலை அதிகமான உலோகம். துண்டு முழுதாகக் கரைய நாட்கணக்கில் ஆகும். ஆய்வகத்தில் பரவாயில்லை. 60 மீட்டர் இறக்கையோடு ஒரு லாரி வாசலில் நின்றால் கதை வேறு.

2025-ல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இன்னும் எளிமையான ஒன்றை முன்வைத்தது: சூடான அசிட்டிக் அமிலம். சமையலறை வினிகரின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம்தான், செறிவும் வெப்பமும்தான் பல மடங்கு. விலை மலிவு, உலகம் முழுக்க டன் கணக்கில் கிடைக்கிறது. விமானத்தில் இன்று பயன்படும் எபாக்சி அமைன் வகை ரெசினிலேயே இது வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். ஏனென்றால் அடுத்த முப்பது வருடத்துக்கு நம் கைக்கு வரப்போகும் கழிவு எல்லாம் ஏற்கெனவே செய்து முடித்த பழைய ரெசின்தான். எவ்வளவு நல்ல புது ரெசின் வந்தாலும் அது இன்று பறக்கும் விமானத்துக்கு உதவாது.

பசையையே மாற்றிவிட்டால்?

நாளைய கழிவுக்கு இதுதான் நேரடியான வழி. செய்யும்போதே, பின்னால் பிரிக்க வசதியான ரெசினைப் போட்டுவிடுவது.

2011-ல் பாரிஸில் லுட்விக் லீப்லரின் குழு 'விட்ரிமர்' என்ற புது வகைப் பொருளை அறிமுகம் செய்தது. இதன் மூலக்கூறுகளும் கைகோத்தே நிற்கும். ஆனால் சூடாக்கினால் ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ளும். வலை அறுவதில்லை, வடிவம் மட்டும் மாறும். இட்லியையும் வெல்லத்தையும் ஒன்றாக்கிய மாதிரி.

இதைவிடச் சந்தைக்கு முன்னால் வந்தது, வலைக்குள்ளேயே 'இங்கே வெட்டவும்' என்று ஒரு முடிச்சை ஒளித்துவைக்கும் முறை. கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்து, பின்னர் இந்தியாவின் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்கு வந்த ரிசைக்ளமைன் தொழில்நுட்பம் இப்படிப்பட்டது. இந்த வகை ரெசினால் சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021-ல் 81 மீட்டர் நீளக் காற்றாலை இறக்கைகளைச் செய்தது. 2022-ல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலைத் திட்டத்தில் அவை பொருத்தப்பட்டன. ஆயுள் முடிந்ததும் மிதமான அமிலக் கரைசலில் சூடாக்கினால் ரெசின் கரைந்து, இழை தனியாக வந்துவிடும் என்பது திட்டம். காற்றாலை இறக்கையின் ஆயுள் 25 வருடத்துக்கு மேல். ஆக, அந்த இறக்கைகளை நிஜமாகவே கரைத்துப் பார்க்க 2050-ஐ ஒட்டிய வருடங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

2024-ல் மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வகம், தாவரச் சர்க்கரையிலிருந்து பெறக்கூடிய மூலப்பொருட்களால் 'பீகன்' என்ற ரெசினைச் செய்து, 9 மீட்டர் இறக்கை ஒன்றை வார்த்துக் காட்டியது. 225 டிகிரி வெப்பத்தில் மெத்தனாலில் போட்டால் ஆறு மணி நேரத்தில் பிரிந்துவிடுகிறது. பிரான்ஸின் ஆர்கெமா நிறுவனத்தின் எலியம் ரெசினோ வெல்ல ஜாதி. அதைக் கொண்டு 2022-ல் 62 மீட்டர் இறக்கை செய்யப்பட்டது.

இவ்வளவு வழி இருந்தும் ஏன் தயக்கம்?

காற்றாலைக்காரர்கள் துணிந்து மாற்றுகிறார்கள். விமானக்காரர்கள் அப்படி மாற்றிவிட முடியாது. விமானத்தில் போடும் ரெசினில் சின்ன மாற்றம் என்றாலும், வெப்பம், குளிர், ஈரம், மின்னல், பறவை மோதல் என எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து நடத்தி அனுமதி வாங்க வேண்டும். பல ஆண்டு வேலை, பெரும் செலவு. சுலபமாகப் பிரியும் ரெசின் என்று சொன்னதுமே, 'நடுவானில் பிரிந்தால்?' என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வியும்கூட.

அடுத்தது, பழைய பாகம் என்பது வெறும் இழையும் ரெசினும் அல்ல. பெயின்ட், டைட்டானியம் திருகுகள், மின்னலைக் கடத்த மேற்பரப்பில் பதித்த செம்பு வலை, ஒட்டுப்போட்ட இடங்கள் எல்லாம் சேர்ந்துதான் வரும். எந்த ரகக் கார்பன், எந்த ரெசின் என்று எழுதிய சீட்டும் கூடவே வராது. பல ரகம் கலந்துவிட்டால் மீட்கும் இழையின் தரத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். உத்தரவாதம் இல்லாத இழைக்கு விலை கிடைக்காது. மறுசுழற்சி ஆலைகள் பழைய விமானத்தைவிடத் தொழிற்சாலைத் துண்டுகளை விரும்புவது இதனால்தான். அதன் ஜாதகம் முழுக்கத் தெரியும்.

முப்பந்தல் இறக்கைகளுக்கு இது உதவுமா?

காற்றாலை என்றதும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் ஞாபகம் வராமல் இருக்காது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024-ல் வெளியிட்டது. ஆகவே கழற்றப்படும் இறக்கைகள் இங்கேயும் பெருகும். ஆனால் 1980, 90-களில் நிறுவிய அந்தச் சின்ன இறக்கைகள் கார்பன் அல்ல, கண்ணாடி இழை. புது கண்ணாடி இழையே கிலோ ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும்போது, செலவு செய்து பழையதை மீட்க யாரும் முன்வருவதில்லை. கார்பன் இழை அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விலை என்பதால்தான் இவ்வளவு ஆராய்ச்சியும் நடக்கிறது. கண்ணாடி இழை இறக்கைகளை நொறுக்கி சிமென்ட் சூளையில் போடும் வழி ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கிறது. ரெசின் எரிபொருளாகும், கண்ணாடியின் சிலிகா சிமென்ட்டோடு சேர்ந்துவிடும். கார்பன் இழைக்கு அந்த வழி ஒத்துவராது.

787 முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச் சென்றது 2011 அக்டோபரில். ஏ350 சேவைக்கு வந்தது 2015 ஜனவரியில். பயணிகள் விமானம் பொதுவாக இருபதிலிருந்து முப்பது வருடம் பறக்கும். பிரெஸ்ட்விக்கில் பிரிக்கப்பட்டவை முந்திக்கொண்டவை; மற்றவை 2030-களில் ஒவ்வொன்றாகத் தரையிறங்கத் தொடங்கும், ஒவ்வொன்றிலும் 20 டன்னுக்கு மேல் கார்பன் இழையோடு.